வேதாகமத்தில் சேராத யூத நூல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்காவின் திருவிவிலியத்தில் ‘தோபித்து’ என்றொரு புத்தகம் இருக்கிறது. எங்கள் மெதடிஸ்ட் சபை வேதாகமத்தில் இல்லை. யார் எடுத்தார்கள்?
– வாசகி, தோ பாயோ

பதில்: யாரும் ஒரே நாளில் எடுத்துவிடவில்லை. யூதர்களின் எபிரேய வேதப் பட்டியலில் 24 புத்தகங்கள். உங்கள் பழைய ஏற்பாட்டின் 39-உம் அதே 24தான். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றையும் ஒரே புத்தகமாகவும், எஸ்றா, நெகேமியாவைச் சேர்த்து ஒன்றாகவும், ஓசியா முதல் மல்கியா வரை பன்னிரண்டையும் ஒரே சுருளாகவும் எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். கிரேக்கம் பேசிய யூதர்கள் இவற்றோடு தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக், மக்கபேயர் நூல்கள் ஆகியவற்றையும் வாசித்தார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கத்தில் வாசித்தவர்கள் என்பதால் இவையும் அவர்களிடம் வந்து சேர்ந்தன.

1534-இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் வேதாகமத்தில் இவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார். வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்க நல்லவை என்பது அவர் நிலை. 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், இவையும் வேதமே என்று உறுதிசெய்தது. 1611-இன் ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பில்கூட இவை இருந்தன. 1820-களில் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தருவதை நிறுத்திய பிறகே, இவை இல்லாத வேதாகமம் புராட்டஸ்டண்ட் வீடுகளில் வழக்கமாயிற்று.

கேள்வி: ‘சபை மறைத்த ஏனோக்கின் புத்தகம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. உண்மையான நூலா?
– வாசகர், ஈசூன்

பதில்: நூல் உண்மை. மறைத்தார்கள் என்பது சரியல்ல. எத்தியோப்பியத் திருச்சபை இன்றும் இதை வேதாகமத்தில் வைத்திருக்கிறது. முழு நூலும் அவர்களுடைய பழைய கீயெஸ் மொழியில்தான் பிழைத்திருக்கிறது. சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் அராமேய மொழித் துணுக்குகள் கிடைத்ததால், இது கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் வாசித்த நூல் என்பது உறுதியாயிற்று.

வந்த பிடிஎஃப்பைச் சோதிக்க முதலில் அதிகாரங்களை எண்ணுங்கள். 108 இருக்க வேண்டும். அடுத்து 1:9-ஐ எடுத்து, புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் 14, 15 வசனங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆயிரமாயிரம் பரிசுத்தவான்களோடு வந்து நியாயந்தீர்க்கும் அதே வாக்கு இரண்டிலும் இருக்கும். மெட்டாட்ரோன் என்ற தூதன் பெயர் வந்தால் உங்களிடம் இருப்பது வேறு நூல். அது எபிரேயத்தில் பிற்காலத்தில் எழுந்த மூன்றாம் ஏனோக்கு. ஸ்லாவிய மொழியில் கிடைத்த இரண்டாம் ஏனோக்கும் தனி. மூன்றையும் ஒரே கோப்பில் கலந்து சுற்றுக்கு விடுவதால்தான் இத்தனை குழப்பம்.

‘மனுஷகுமாரன்’ பற்றிப் பேசும் 37 முதல் 71 வரையிலான அதிகாரங்களின் ஒரு துணுக்குகூடக் கும்ரானில் அகப்படவில்லை. அப்பகுதியும் கும்ரானில் கிடைத்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் ஏற்காதீர்கள்.

நான் மிகவும் நேசிப்பது 72 முதல் 82 வரையிலான வானியல் பகுதியை. அதன்படி ஆண்டுக்கு 364 நாள். 91 நாள் கொண்ட நான்கு பருவங்கள். ஒவ்வொரு பருவமும் சரியாக 13 வாரம். பண்டிகை எந்த ஆண்டும் ஒரே கிழமையில் விழும், ஓய்வுநாளோடு மோதாது. ஆனால் சூரியனின் ஓட்டத்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றேகால் நாள் குறைகிறது. நாள் சேர்த்துச் சரிசெய்யாமல் 30 ஆண்டு விட்டால் 37 நாள் முந்திவிடும். நம் பொங்கலை அப்படிக் கணக்கிட்டால் அது கார்த்திகை மாதத்தில் வந்து நிற்கும்!

கேள்வி: வாட்டர்லூ ஸ்திரீட் யூத ஜெப ஆலயத்தைக் கடக்கும்போது தோன்றியது. ஹனுக்கா விளக்கின் எண்ணெய் அற்புதம் மக்கபேயர் நூலில் எங்கே வருகிறது?
– வாசகர், பிடோக்

பதில்: வரவில்லை. 1 மக்கபேயர் 4-ஆம் அதிகாரத்தில் கி.மு. 164-இல் யூதர்கள் எருசலேம் ஆலயத்தைச் சுத்திகரித்து எட்டு நாள் கொண்டாடியது மட்டும் உண்டு. எட்டு நாள் ஏன் என்பதற்கு 2 மக்கபேயர் 10:6 காரணம் சொல்கிறது: மலைகளில் ஒளிந்திருந்தபோது தவறிப்போன கூடாரப் பண்டிகையின் முறைப்படி கொண்டாடினார்களாம். ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற குடுவைக் கதை, யூத ரபிகளின் பிற்காலத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. மக்கபேயர் நூல்கள் எபிரேய வேதத்தில் இடம்பெறவில்லை. பண்டிகை மட்டும் இன்றுவரை நிற்கிறது.

கேள்வி: எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?
– வாசகி, ஜூரோங்

பதில்: தோபித்திலிருந்து. 14 அதிகாரம், ஒரே மாலையில் முடியும். அடுத்து சீராக். 6:7 நண்பனைச் சோதித்துப் பார்த்தே சேர்த்துக்கொள் என்கிறது. திருக்குறளின் 80-ஆம் அதிகாரமான ‘நட்பாராய்தல்’ கூடவே நினைவுக்கு வரும். 51 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்தால் அலுப்புத் தட்டும். நாளுக்கு ஒன்று போதும். கிரேக்கக் கைப்பிரதிகளில் 30 முதல் 36 வரையிலான அதிகாரங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. அதனால் இரண்டு பதிப்புகளில் எண் ஒத்துவராவிட்டால் அச்சுப்பிழை என்று நினைக்காமல், வசனத்தின் முதல் சொற்களைக் குறித்துவைத்துத் தேடுங்கள்.