பல் எடுத்த குழியில் வைக்கும் பஞ்சு உள்ளேயே தங்கிவிடுமா? ஆஸ்பிரினை நிறுத்த வேண்டுமா?

கேட்டவர் பென்னாகரம் பக்கம். அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து, இப்போது தினமும் ஒரு ஆஸ்பிரின் மட்டும் போகிறதாம். பல் எடுத்தால் ரத்தம் நிற்குமா, உள்ளே வைத்துத் தைக்கும் பஞ்சு என்ன ஆகும் என்ற பயம். தருமபுரியில் பல் மருத்துவம் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மாத்திரை. ஆஸ்பிரின் மட்டும் என்றால் நிறுத்தத் தேவையில்லை, நீங்களாக நிறுத்தவே கூடாது. குழியில் வரும் ரத்தத்தை நான் அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடுவேன். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை போடுபவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, 3.5-க்குள் இருந்தால்தான் பல்லில் கை வைப்போம்.

அந்தப் பஞ்சு, பஞ்சே இல்லை. ஜெலட்டின். ரத்தத்தை உறிஞ்சி உப்பிக் குழியை அடைத்துக்கொள்ளும், அதன் துளைகளில் ரத்தம் உறையும், 4 முதல் 6 வாரத்தில் தானாகக் கரைந்துவிடும். விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் சுத்த சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. சர்ஜிசெல் என்ற வலைத்துணி மாதிரியான பொருள் தாவர செல்லுலோஸில் செய்தது. ரத்தம் பட்டதும் அது கறுத்துப்போகும். கண்ணாடியில் பார்த்துவிட்டு 'அழுகிடுச்சு டாக்டர்' என்று போன் செய்யாதவர்கள் குறைவு. அமிலத்தன்மை உள்ளது என்பதால் கீழ்க்கடைவாயில் நரம்பு தெரிகிற குழியில் நான் வைப்பதில்லை.

டிரானெக்சாமிக் ஆசிட் ரத்தத்தை உறைய வைப்பதில்லை, உறைந்த கட்டியைக் கரையவிடாமல் காக்கும். மாதவிடாயில் அதிகம் போகும்போது தரும் அதே மருந்துதான்; அதில் நனைத்த துணியைக் கடிக்கச் சொல்வோம். கேப் போட அளவெடுக்கும்போது ஈறில் தடவும் ஃபெரிக் சல்பேட் வேறு சங்கதி, குழிக்கு அது வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் முதல் மருந்து அழுத்தம்தான். துணியைக் கடித்து அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். பிறகு ஏன் அப்பாவுக்கு ஜெலட்டினும் தையலும்? மரத்துப்போக ஊசி போடும்போது அதில் அட்ரினலின் கலந்திருக்கும், அது ரத்தக்குழாயைச் சுருக்கி வைத்திருக்கும். நாற்காலியை விட்டு எழும்போது காய்ந்திருக்கும் குழி, சில மணி நேரத்தில் அது விலகியதும் மறுபடி கசியலாம். தருமபுரி டவுனில் இருப்பவர் திரும்பி வந்துவிடுவார். சித்தேரி மலைக்கோ வத்தல்மலைக்கோ கடைசி பஸ்ஸில் ஏறிப் போனவர் என்ன செய்வார்? அதனால் தூரத்து ஊர்க்காரர்களுக்கு, தேவை பாதிதான் என்றாலும் வைத்துத் தைத்துத்தான் அனுப்புகிறேன். காலையிலேயே வரச் சொல்வதும் இதற்காகத்தான்.

அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது, ஸ்ட்ராவும் வேண்டாம். எச்சில் லேசாகச் சிவந்திருந்தால் பயப்படாதீர்கள். இரவில் ரத்தமாகவே வந்தால் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, குழிமேல் வைத்து, உட்கார்ந்தபடி அரை மணி நேரம் கடிக்கட்டும். ஈர டீத்தூள் பையும் உதவும். காபித்தூளையும் மஞ்சளையும் திணிக்காதீர்கள், கழுவி எடுப்பதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும்.