வயரை அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறதா?

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நான் பெக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். போன் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வயரை அழுத்திப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. மழை நாளில் திரையில் தண்ணீர்த் துளி படமும் வருகிறது. கடையில் சார்ஜிங் பேஸ் மாற்ற வேண்டும் என்கிறார்கள். லயத்துக்குக் கரண்ட் குறைவாக வருவதுதான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். ஊக்கை விட்டுச் சுத்தம் செய்து பார்க்கலாமா?"

அக்கா, முதலில் அந்த ஊக்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பேஸ், அதாவது போனில் வயர் செருகும் அந்த ஓட்டைப் பாகம், அதை மாற்றவும் அவசரப்பட வேண்டாம். தூள் சலிக்கும் இடம் என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஹட்டனில் போன் திருத்தும் மேசையில் உட்கார்ந்து இத்தனை வருடத்தில், சார்ஜ் போடும் ஓட்டைக்குள்ளிருந்து வரும் அழுக்கைப் பார்த்தே ஆள் என்ன வேலை செய்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஸ்வெட்டர் பாக்கெட்டில் போன் வைப்பவருக்கு ஸ்வெட்டரின் நிறத்திலேயே பஞ்சு வரும். கொழுந்து எடுப்பவர்கள் படங்குக்கு உள்ளே செருகி வைத்த போனில் மண்ணும் நாரும் கலந்திருக்கும். பெக்டரிக்காரர்களுடையதில் மென்மையான பழுப்புப் பஞ்சு. தேயிலை சலிக்கும்போது பறக்கிற அதே பஞ்சுதான். ஒவ்வொரு தடவை வயரைக் குத்தும்போதும் அது அடியில் போய் இறுகுகிறது. உரலில் பாக்கு இடிக்கிற மாதிரி, நாளுக்கு இரண்டு மூன்று இடி. சில மாதத்தில் அடியில் ஒரு தட்டையே உருவாகிவிடும். அதற்கு மேல் வயர் முழுதாக உள்ளே போகாது. அழுத்திப் பிடித்தால் மட்டும் முனைகள் தொடும், விட்டால் விலகும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் வயரை வேறு ஒருவரின் நல்ல போனில் செருகிப் பாருங்கள். உலோக முனை முழுதும் மறைந்து, உள்ளே 'டிக்' என்று உட்காரும். பிறகு அதையே உங்கள் போனில் செருகுங்கள். உலோகம் மெல்லிய கோடாக வெளியே தெரிந்தால் அடியில் குப்பை என்று அர்த்தம். அந்தப் போனில் உங்கள் வயர் சார்ஜ் ஏற்றுகிறதா, அவர்களுடைய வயர் உங்கள் போனில் ஏற்றுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். இந்த மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலையைச் செய்யாமல் பேஸைக் கழற்றுகிறவரிடம் நான் என் போனைக் கொடுக்க மாட்டேன்.

வயர் மேல் எனக்குச் சந்தேகம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும் டைப் சி ஆனாலும், ஒரே பக்கமாக மட்டும் போகும் பழைய மைக்ரோ யூஎஸ்பி ஆனாலும், பிடித்து நிறுத்துகிற சின்ன ஸ்பிரிங்குகள் போனில் இல்லை, வயரின் முனையில்தான் இருக்கின்றன. தேய்வது மலிவான பக்கமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். போனிலுள்ள ஓட்டை 10,000 தடவை செருகி எடுப்பதற்குக் கணக்கிடப்பட்டது. நாளுக்கு மூன்று தடவை என்றாலும் ஒன்பது வருடம் வரும். ஆகவே வெறுமனே வயர் லொடலொடக்கிறது என்றால் நல்ல புது வயர் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஐபோனின் பழைய லைட்னிங் ஓட்டை மட்டும் இதற்கு நேர்மாறு, அதில் ஸ்பிரிங் போனுக்குள் இருக்கிறது.

வீட்டுக்காரர் சொன்னதற்கு வருவோம். சார்ஜரைத் திருப்பி அதில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் இன்புட் 100-240 வோல்ட் என்று இருக்கும். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட். பொழுது சாயும் நேரத்தில் லயம் முழுக்க அடுப்பும் டீவியும் போட்டு பல்ப் மங்கினாலும் சார்ஜர் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது, சுவர் பிளக் பொயின்ட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்று சதுர ஓட்டை உள்ள பொயின்ட்டில், மேல் ஓட்டைக்குள் பேனாவை விட்டுத் திறந்து இரண்டு முள் சார்ஜரைத் திணிப்பது நம் வீடுகளில் நடக்கிற கதைதான். முள் உள்ளே சரியாக உட்காராமல் பொறி பறக்கும், சார்ஜரும் சூடாகும். அடுத்தது, பொயின்ட் சுவரில் உயரத்தில் இருக்கும், போன் வயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பேஸ் உடைவது அழுக்கைவிட இந்தத் தொங்கலாலும், சார்ஜ் போட்டபடியே படுத்துக்கொண்டு பேசுவதாலும்தான் அதிகம். ஆணியில் ஒரு சீலைப் பையை மாட்டி அதற்குள் போனை வையுங்கள்.

சரி, சுத்தம் செய்யும் விஷயம். தொழில் பழகிய காலத்தில் நானும் ஊசியால் கிண்டியவன்தான். ஒருவருடைய போனில் நடுவில் இருக்கும் நாக்கு 'டக்'கென்று உடைந்து என் கையோடு வந்தது. பஞ்சு எடுக்கப் போய் பேஸுக்கு என் காசைக் கட்டினேன். டைப் சி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த நாக்கு தெரியும், மேலும் கீழும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 முனைகள். நாக்குக்கும் சுவருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கடையில் விற்கும் பல்குத்தும் குச்சி அப்படியே போகாது. பிளேடால் இரண்டு பக்கமும் சீவி, நுனியைத் தட்டையாக, கடதாசி அட்டை அளவு மெல்லியதாக்க வேண்டும். விளக்குமாற்று ஈர்க்கையும் இப்படிச் சீவிக்கொள்ளலாம், காய்ந்ததாக இருக்கட்டும்.

போனை முழுதாக அணைத்துவிட்டு, ஓட்டை கீழே பார்க்கும்படி பிடியுங்கள். குச்சியை நாக்கின் மேல் வைக்காமல் ஓரச் சுவரை ஒட்டி உள்ளே விட்டு, மூலையிலிருந்து மெதுவாக வெளியே இழுங்கள். குத்தக் கூடாது, நெம்பக் கூடாது, இழுப்பு மட்டும்தான். முதல் இரண்டு மூன்று இழுப்பில் ஒன்றும் வராது, சலித்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு நூல் வரும், அதன் பின்னால் மொத்தத் தட்டும் நெகிழ்ந்து வரும். ஒரு போனிலிருந்து இவ்வளவா என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். நாக்கின் மறுபக்கத்தையும் அதே மாதிரி செய்யுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். டயர் கடைக் கம்பிரசரில் காற்று அடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், வேகமும் அதிகம். கைக்குப் பூசும் சனிட்டைசர், பெற்றோல் எதுவும் கிட்டவே வரக் கூடாது.

மழை நாள் சங்கதி இதோடு ஒட்டியதுதான். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கம் மிஸ்ட் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். குளிரில் கிடந்த போனை அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டுவந்தாலும் உள்ளே வியர்க்கும். ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் முனைகளில் பச்சையும் கறுப்புமாய்க் களிம்பு பிடிக்கும். அதற்காகத்தான் போன் துளிப் படத்தைக் காட்டிச் சார்ஜை நிறுத்துகிறது. அப்போது கட்டாயப்படுத்தாதீர்கள். ஓட்டையைக் கீழே பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றுப் படும் இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு நாள்கூட ஆகலாம். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது. அடுப்புக்கல்லில் வைப்பது அதைவிட மோசம், பற்றரி வீங்கிவிடும். வானம் நன்றாக வெளித்த நாளிலும் துளிப் படம் வந்தால் அது பெரும்பாலும் ஈரமில்லை, பஞ்சோ களிம்போதான்.

இவ்வளவும் செய்த பிறகும் பேஸ் போயிருக்கலாம் என்பதற்குச் சில அடையாளங்கள் சொல்கிறேன். டைப் சி வயரை ஒரு பக்கமாகப் போட்டால் ஏறுகிறது, திருப்பிப் போட்டால் ஏறவில்லை, வேறு வயரிலும் அப்படியேதான் என்றால் நாக்கின் ஒரு பக்க முனைகள் கெட்டிருக்கும். நாக்கு கோணலாகத் தெரிந்தாலும், ஓட்டையே உள்ளுக்குள் ஆடினாலும், கருகிய வாடை வந்தாலும் கடைக்குத்தான் போக வேண்டும். பின் மூடி மேடாகத் தூக்கியிருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது, சார்ஜ் போடுவதையே நிறுத்திவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது போன், வயர், சார்ஜர் மூன்றையும் கொண்டுபோங்கள். கழற்றுவதற்கு முன் ஓட்டைக்குள் பூதக்கண்ணாடியில் உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மொடலில் பேஸ் தனிச் சின்னப் பலகையில் இருக்கிறதா, மெயின் போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியதா என்றும் கேளுங்கள். தனிப் பலகை என்றால் மாற்றுவது சுலபம், கூலியும் குறைவு. போர்ட்டில் ஒட்டியது என்றால் சூடுகாற்று வைத்து எடுக்க வேண்டும், அதற்குக் கை பழகிய ஆள் தேவை. கழற்றிய பழைய பேஸை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.