ஃபோர்டு மாடல் டி பழைய கார்: பட்டை ஸ்பிரிங் சத்தமும் சைலன்சர் சிக்கலும்

கேள்வி: மேடு பள்ளத்தில் வண்டியின் முன்பக்கம் ‘கீச் கீச்’ என்கிறது. ஆயில் விட்டால் சில நாள் அடங்கி, மறுபடி வந்துவிடுகிறது.

பதில்: ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறியிருக்கிறது. வெளியிலிருந்து விடும் ஆயில் உள்ளே போகாது. ஓரத்தில் நின்று தூசியைப் பிடித்து இரும்பைத் தேய்க்கும். ஸ்பிரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியில் பூட்டியிருக்கும்போது அது விறைப்பாக நிற்கிறது. ஆகவே ஸ்பிரெடர் (ஸ்பிரிங்கை விரித்துப் பிடிக்கும் கருவி) மாட்டாமல் ஷேக்கிளை (ஸ்பிரிங் முனையை அச்சோடு சேர்க்கும் இணைப்பு) தொடாதீர்கள். பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட்டை எடுக்குமுன் இரு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் பட்டைகள் தெறித்துக் கையைப் பதம் பார்க்கும்.

ஒவ்வொரு பட்டையின் நுனியும் அடுத்த பட்டையில் பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளத்தின் விளிம்பைச் சமமாக்கி, நுனிகளை உருட்டித் தேயுங்கள். பிறகு கிராஃபைட் கிரீஸை மெல்லிசாகப் பூசி அடுக்குங்கள். யு-போல்ட்டுகளை இறுக்கி, ஓரிரு ஓட்டங்களுக்குப் பின் மறுபடி பாருங்கள். பட்டைகளைக் கவ்விப் பிடிப்பது யு-போல்ட்டுதான். அது தளர்ந்தால் சுமை சென்டர் போல்ட்டில் விழுந்து, அது முறியும்.

கேள்வி: சத்தம் கீச் இல்லை, ‘டொக்’. ஷேக்கிள் புஷ் புதிது.

பதில்: அப்படியானால் ரேடியஸ் ராடின் (முன் அச்சைப் பிடித்து நிறுத்தும் கம்பி) பந்து முனையைப் பாருங்கள். முன் அச்சிலிருந்து வரும் வி-வடிவ ராடு, கிராங்க்கேஸுக்கு (எஞ்சினின் அடிக்கூடு) அடியில் ஒரு கிண்ணத்தில் உட்காரும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒருவர் முன்சக்கரத்தை முன்னும் பின்னும் உலுக்க, இன்னொருவர் பந்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். பந்து முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் வெல்டு நிரப்பி உருண்டையாகக் கடைய வேண்டும். தேய்ந்த பந்தின் மேல் மூடியை மட்டும் இறுக்கினால் ஸ்டியரிங் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் ஆடும். நட்டுகளுக்குப் பூட்டுக் கம்பி கட்டாயம். இந்த மூட்டு கழன்றால் முன் அச்சு பின்னோக்கி மடங்கும், வண்டி கையை மீறிவிடும். சத்தம் கேட்ட அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: உராய்வுத் தட்டு ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கிறேன். ஆயில் போடலாமா?

பதில்: தட்டுகளுக்குக் கூடாது. உராய்வுதான் அதன் வேலை.

கேள்வி: நாலாவது சிலிண்டர் பக்கம் ‘புஸ் புஸ்’. கேஸ்கெட் மாற்றியும் நிற்கவில்லை.

பதில்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பு) பின்முனை சூட்டில் தொங்கிப்போயிருக்கும். கழற்றி, நான்கு வாய்களின் மேலும் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் முகத்தைச் சமமாகக் கடையுங்கள். அதிகம் வளைந்திருந்தால் வேறு மேனிஃபோல்டு தேடுவதே நல்லது. கிளாம்பை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். பழைய பேக்கிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுங்கள். தீப்பொறி நெம்பை (தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் நெம்பு) மேலேயே, அதாவது தாமத நிலையிலேயே, விட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் புதிய மேனிஃபோல்டும் சிவக்கக் காய்ந்து தொங்கும்.

கேள்வி: சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: 2.9 லிட்டர், 20 குதிரைசக்தி எஞ்சினில் பெரிதாகக் கூடாது. சத்தம்தான் கூடும். சைலன்சருக்குள் இருக்கும் துளையிட்ட உருளைகள் துருவால் அடைத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். த்ராட்டில் நெம்பை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கை நெம்பு) குறைக்கும்போது ‘பட் பட்’ என்று வெடித்தால், குழாய் இணைப்பு வழியே காற்று உள்ளே புகுந்து, எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் பற்றுகிறது. மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்திலுள்ள பித்தளை நட்டை இறுக்குங்கள்.