கணினி கேள்வி–பதில்: சர்வரில் ஓடும் நிரல், லேப்டாப்பில் ஜன்னல்

கேள்வி: அலுவலக லினக்ஸ் சர்வரில் இருக்கும் கிராஃபிக்ஸ் நிரலை வீட்டு உபுண்டு லேப்டாப்பில் திறக்க வேண்டும். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணைப்பு கிடைக்கிறது. நிரலை இயக்கினால் மட்டும் டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. சர்வரில் எக்ஸ் சர்வர் (ஜன்னல்களைத் திரையில் வரையும் நிரல்) நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். திரையும் கீபோர்டும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் எக்ஸ் சர்வர் ஓடும். 1984இல் எம்ஐடியில் உருவான நாளிலிருந்தே அப்படித்தான். உங்கள் லேப்டாப்பில் அது ஏற்கெனவே ஓடுகிறது. எக்ஸுக்குப் பதிலாக வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பு இருந்தாலும், அதற்குள் ஓடும் எக்ஸ்வேலேண்ட் என்ற எக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும்.

எஸ்எஸ்எச் கட்டளையோடு ஹைபனும் பெரிய எழுத்து எக்ஸும் (-X) சேர்க்க வேண்டும். சிறிய எழுத்து போட்டால் ஃபார்வர்டிங் (ஜன்னலை லேப்டாப்புக்கு அனுப்பும் வசதி) அணைந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். உள்ளே போனதும் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியில் (நிரல் எந்தத் திரையில் திறக்க வேண்டும் என்று சொல்லும் மதிப்பு) என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்றிருந்தால் வழி திறந்திருக்கிறது. சர்வரின் 6010ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் காத்திருந்து, அங்கே வருவதைக் குறியாக்கம் செய்து லேப்டாப்புக்கு அனுப்பும்.

அந்த மாறி காலியாக இருந்தால், சர்வரில் எஸ்எஸ்எச் சேவையின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் ‘நோ’ என்று இருக்கலாம். ‘யெஸ்’ ஆக்கி, சேவையை ரீஸ்டார்ட் செய்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். அதுவும் சரியென்றால் சர்வரில் எக்ஸ்ஆத் (எக்ஸ் சர்வரின் அனுமதிச் சாவியைக் கையாளும் நிரல்) இருக்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவிய சர்வர்களில் பெரும்பாலும் இருக்காது. மதிப்பு ‘:0’ என்று காட்டினால், சர்வரில் ஷெல் தொடங்கும்போது தானே படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் யாரோ கையால் எழுதி வைத்த வரி இருக்கும். அதை நீக்கிவிடுங்கள், எஸ்எஸ்எச் தானே சரியான மதிப்பைத் தரும்.

‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ என்ற கட்டளையைப் போடச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். அனுமதிச் சோதனையே இல்லாமல் போய்விடும். உங்கள் எக்ஸ் சர்வரை எட்டக்கூடிய எந்த நிரலும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கலாம்.

கேள்வி: நிரல் திறக்கிறது. ஆனால் மெனு விரியவே நேரமாகிறது. நெட் அறுந்தால் நிரலும் மூடிக்கொள்கிறது.

பதில்: எக்ஸ் நெறிமுறையில் சின்னச் சின்னக் கேள்விகளும் பதில்களும் ஓயாமல் போய் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருப்பதால்தான் தாமதம். எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து சி (-C) சேர்த்தால் தரவு சுருங்கும்; காத்திருப்பு குறையாது.

அதனால் இரண்டு பக்கமும் எக்ஸ்ப்ரா என்ற நிரலை நிறுவுங்கள். நிரல் சர்வரிலேயே ஒரு மெய்நிகர் திரையில் ஓடும். படம் மட்டும் உங்களுக்கு வரும். நெட் போனாலும் நிரல் சாகாது, மறுபடி இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மணிக்கணக்கில் ஓடும் வேலைகளுக்கு முதலிலிருந்தே இதைப் பயன்படுத்துவது நல்லது.