முதல் ஷூ: இணையத்திலா, கடையிலா?

வணக்கம். நடைப்பயிற்சிக்கு முதல் ஷூ வாங்கப்போகிறேன், வலது கால் இடதைவிடக் கொஞ்சம் பெரிது, இணையத்தில் விலை குறைவு, ஆனால் அளவு தப்பிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். இந்த முதல் ஜோடியைத் தயவுசெய்து கடையிலேயே வாங்குங்கள்.

பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. ஒரு நிறுவனத்தில் பொருந்திய எண் இன்னொன்றில் விரலை நசுக்கும். போதாக்குறைக்கு, பிரிட்டன் அளவில் 8 வேறு, அமெரிக்க அளவில் 8 வேறு.

மாலையில் போங்கள். பகல் முழுக்க நடமாடியதில் பாதம் லேசாக வீங்கியிருக்கும், அந்த அளவுதான் முக்கியம். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு பெரிய காலுக்கு அளவு பாருங்கள். நின்றபடி பார்த்தால், நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் ஒன்றின் அகலத்துக்கு இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் நழுவக் கூடாது. சிறிய காலில் தொளதொளவென்று இருந்தால் உள்ளே பாதத்துக்கு அடியில் இன்னொரு மெத்தை அட்டை (இன்சோல்) வைத்துக்கொள்ளலாம். "போகப் போக இளகிடும்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். நான் நம்பி, பெருவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

விலை உறுத்தினால், இணைய விலையைக் காட்டிக் கடைக்காரரிடமே கேளுங்கள். சிலர் குறைத்துத் தருவார்கள்.

அப்புறம், இந்த ஜோடி தேய்ந்ததும் அதே மாடலை அதே எண்ணில் இணையத்தில் தாராளமாக வாங்கலாம். புதிய பதிப்பில் வடிவம் மாறியிருக்கலாம் என்பதால், திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.