வீடு திரும்பும் வழியில் அலசல் வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு வயது 12. நான்கு வருடங்களாக டென்னிஸ் ஆடுகிறாள். பயிற்சியில் பிரமாதமாக ஆடுபவள், போட்டி என்று வந்தால் இரண்டு டபுள் ஃபால்ட் (சர்வீஸ் இரண்டு முறையும் தவறிப் புள்ளியை இழப்பது) விழுந்ததுமே உடைந்துபோகிறாள். அழுகிறாள், ராக்கெட்டை வீசுகிறாள், தோற்றால் அன்று முழுக்கப் பேசுவதில்லை. இப்போதெல்லாம் போட்டி நாளில் காலையிலேயே வயிற்றுவலி என்கிறாள். எங்கே தவறு நடந்தது என்று அவளுடைய அப்பா காரில் வரும்போதே பொறுமையாக விளக்குகிறார். நானும் 'நீ பிறவிச் சாம்பியன்' என்று தேற்றிப் பார்க்கிறேன். எதுவும் எடுபடவில்லை. அவளுக்கு மனத்திடம் வருவதற்கு என்ன செய்வது? இல்லை, டென்னிஸையே நிறுத்திவிடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் என்ன செய்கிறாள், அப்பா என்ன சொல்கிறார், நீங்கள் எப்படித் தேற்றுகிறீர்கள் எல்லாம் இருக்கின்றன. மகள் வாயிலிருந்து வந்ததாக 'வயிற்றுவலி' என்ற ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. என் பதில் முழுவதும் இதைப் பற்றித்தான்.

முதலில் அந்தக் கார்ப் பயணத்தை நிறுத்துங்கள். காரை அல்ல, அலசலை. அவளுடைய அப்பா சொல்வது அத்தனையும் சரியாகவே இருக்கலாம். சரியாக இருப்பதுதான் சிக்கல். படபடப்பு அடங்காத பிள்ளை, இறங்கிப் போகவும் முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் தோல்விக்கு இன்னொருவர் எழுதிய விளக்கத்தைக் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் காரணத்தை அப்பாவே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், அவள் தனக்குள் தேடிப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. டென்னிஸோ, களத்தில் ஒற்றையாய் நிற்க வைக்கும் ஆட்டம். கை இறுகுவதை அவளேதான் உணர வேண்டும், அவளேதான் தளர்த்த வேண்டும்.

ஆகவே வழியில் ஆட்டப் பேச்சு வேண்டாம். அவளாகத் தொடங்கினால் கேளுங்கள், அவ்வளவுதான். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, மறுநாள் ஏதாவது வேலைக்கு நடுவில், ஒன்றிரண்டு கேள்விகள் போதும். "எந்த இடத்தில் ஆட்டம் கையை விட்டுப் போவதாகத் தோன்றியது?" "அப்போது உடம்பில் என்ன தெரிந்தது?" 'ஏன் அப்படி ஆடினாய்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பிள்ளைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் தேடுவார்கள், நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். முதல் சில முறை 'தெரியவில்லை' என்பாள். அந்த இடைவெளியை நிரப்ப அப்பாவுக்கு நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவளே கண்டுபிடிப்பாள்: முதல் டபுள் ஃபால்ட்டுக்குப் பிறகு பிடி இறுகுகிறது, பந்தை மேலே தூக்கிப் போடுவது தடம் மாறுகிறது, அவசர அவசரமாக அடுத்த சர்வீஸைப் போட்டுவிடுகிறேன் என்று. இதை அவள் தன் சொற்களில் சொல்லும் நாளில்தான் வேலை தொடங்குகிறது. டென்னிஸ் விதிப்படி ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 வினாடி வரை எடுத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் பிள்ளைகள் அதில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. வலைக்கு முதுகு காட்டித் திரும்புவது, ராக்கெட் நரம்புகளைச் சரிசெய்வது, மூச்சை நீளமாக வெளியே விடுவது, அடுத்த பந்து எந்த மூலைக்கு என்று தீர்மானிப்பது, பிறகு கோட்டுக்கு வருவது. வரிசை எதுவானாலும் அது அவளே தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். பயிற்சியாளரிடம் சொல்லி, பயிற்சி நேரத்திலேயே பழகட்டும். போட்டியில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று வைத்திருந்தால், தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கு வராது.

வயிற்றுவலி நடிப்பு அல்ல. பதற்றத்தில் உடல் இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்புகிறது, செரிமானம் மந்தமாகிறது, வயிறு உண்மையாகவே பிசைகிறது. 'ஒன்றுமில்லை, போ' என்பதைவிட 'உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகிறது, பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இப்படி வரும்' என்பது உண்மைக்கு நெருக்கமானது. போட்டி இல்லாத நாளிலும் வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதேபோல, பயிற்சிக்குப் பின் வரும் பரவலான தசைவலி வேறு, ஒரே இடத்தில் குத்துகிற வலி வேறு என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள். பெற்றோர் வருந்துவார்களே என்று வலியை மறைத்து ஆடும் பிள்ளைகள் நிறைய.

இன்னொன்று, வயது. பெண் குழந்தைகள் வேகமாக உயரும் பருவம் பெரும்பாலும் 11, 12 வயதில்தான். கைகால் நீளம் மாறும்போது நேற்று வரை சரியாக விழுந்த சர்வீஸ் இன்று தப்பும். 'எனக்கு ஆட்டமே மறந்துவிட்டது' என்று அவள் பயந்துகொண்டிருக்கலாம். வளர்கிறாள் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

'பிறவிச் சாம்பியன்' என்பதையும் விட்டுவிடுங்கள். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். புத்திசாலி என்று புகழப்பட்ட குழந்தைகள், உழைப்பைப் புகழ்ந்து கேட்ட குழந்தைகளைவிட, ஒரு தோல்விக்குப் பின் சீக்கிரம் துவண்டார்கள். பிறவிச் சாம்பியன் தோற்றால் அவளுக்கு மிஞ்சுவது என்ன? அதற்காக 'நன்றாக முயன்றாய்' என்று எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் போலிப் பாராட்டு உடனே தெரியும். கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்: "இரண்டாவது செட்டில் பின்தங்கியபோது நிதானமாக நடந்தாயே, அது பிடித்திருந்தது."

புள்ளிவிவரம் விரும்பும் அப்பாவாகத் தெரிகிறார். அவருக்கு ஒன்று: ரோஜர் ஃபெடரர் தன் வாழ்நாளில் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வென்றார். ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். 2024-ல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்ன கணக்கு இது. கிட்டத்தட்ட இரண்டில் ஒரு புள்ளியை இழந்துகொண்டே வென்றிருக்கிறார். இரண்டு டபுள் ஃபால்ட்டுக்காக உடையும் பிள்ளையிடம் இதைச் சொல்லலாம், தோற்ற அன்று மட்டும் வேண்டாம்.

அழுகையைத் தடுக்காதீர்கள். ராக்கெட் வீச்சு வேறு விஷயம். கோபம் வரலாம், பொருளை வீசக்கூடாது, வீசினால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று அமைதியான ஒரு நாளில் சொல்லிவிட்டு, முக்கியமான போட்டியானாலும் அதை நடத்திக் காட்டுங்கள். கூடவே ஒரு சோதனை: அடுத்த போட்டியில் மகளை வீடியோ எடுப்பதற்குப் பதில், பார்வையாளர் வரிசையில் இருக்கும் உங்கள் இருவரையும் யாராவது எடுக்கட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் திரும்பிப் பார்ப்பது எந்த முகங்களை என்று தெரியும்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தோற்ற அன்று எந்த முடிவும் வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது விளையாட்டிலிருந்து முழு ஓய்வு தேவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. அவளுக்கு அது கிடைக்கிறதா என்று பாருங்கள். விலகினால் எல்லாம் போயிற்று என்றும் எண்ண வேண்டாம். ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி 2014-ல் டென்னிஸிலிருந்து விலகி, இடையில் கிரிக்கெட் ஆடி, 2016-ல் திரும்பினார். 2019-ல் பிரெஞ்சு ஓபனையும் 2021-ல் விம்பிள்டனையும் வென்றார். எல்லோரும் அப்படித் திரும்பி வரமாட்டார்கள், வரவேண்டிய கட்டாயமும் இல்லை.

அவளிடமே கேளுங்கள்: போட்டியே கிடையாது என்றால் டென்னிஸ் ஆடுவாயா? 'ஆடுவேன்' என்றால் ஆட்டத்தோடு அவளுக்குச் சண்டை இல்லை. பயிற்சி மட்டும் போதும், போட்டி வேண்டாம் என்றால் சில மாதங்களுக்கு அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த போட்டிக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று அவளுடைய அப்பா சொல்வார். சொல்லட்டும்.