தங்கவயலில் இத்தனை சபைகள் எப்படி வந்தன?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா பிறந்தது தங்கவயல் சாம்பியன் ரீஃப். நாங்கள் இப்போது பெங்களூரில். போன மாதம் ஒரு அடக்கத்துக்காகத் தங்கவயல் போயிருந்தபோது நடந்து போகும் தூரத்துக்குள்ளேயே ஐந்தாறு சபைகளைப் பார்த்தேன். பழைய கல்லறைகளில் ட்ரெ, பென் என்று தொடங்கும் வெள்ளைக்காரப் பெயர்கள். என் மகன், "எல்லாம் பால் பவுடர் கொடுத்துச் சேர்த்த கூட்டம்தானேம்மா?" என்கிறான். அப்படித்தானா?
– லிங்கராஜபுரம் வாசகி

பதில்: அந்த ட்ரெ, பென் இரண்டிலேயே பாதிக் கதை இருக்கிறதம்மா. ட்ரெ, போல், பென் என்று பெயர் தொடங்கினால் ஆள் கார்ன்வால்காரர் என்று இங்கிலாந்தில் ஒரு சொலவடையே உண்டு. கார்ன்வால் அந்த நாட்டின் தென்மேற்கு மூலை, வெள்ளீயமும் செம்பும் தோண்டிப் பிழைத்த சீமை. 1866-ல் செம்புத் தொழில் படுத்துச் சுரங்கங்கள் வரிசையாக மூட ஆரம்பித்ததும் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று எங்கே குழி வெட்டினாலும் அங்கே போய் நின்றார்கள். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துச் சுரங்கக் கம்பெனி கோலார் தங்கவயலைக் கையில் எடுத்த பிறகு இங்கேயும் வந்தார்கள். (அதற்கு முன்னால் இங்கே தோண்ட உரிமம் வாங்கியிருந்தவர் லவெல் என்ற பழைய சிப்பாய். நம்ம லவெல் ரோடு அவர் பெயர்தான்.)

வந்தவர்கள் தங்கள் மெதடிஸ்ட் பக்தியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த விதம் சுவாரஸ்யமானது. அரசாங்கத் திருச்சபையின் கோயில்கள் பழைய கிராமங்களில் இருந்தன, சுரங்கக் குடியிருப்புகளோ புதுசாகப் பொட்டலில் முளைத்தவை, அந்தப் பக்கம் போதகர் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். 1739-ல் பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட்டில் நிலக்கரி வெட்டுகிறவர்களிடம் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற பிரசங்கியார் வெட்டவெளியில் நின்று பேசியபோது, கரி அப்பிய கன்னங்களில் கண்ணீர் வெள்ளை வாய்க்கால் போட்டதாம். பின்னாலேயே மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1743-ல் அவர் கார்ன்வாலுக்குப் போனார். குவென்னாப் என்ற இடத்தில், கீழே சுரங்கம் தோண்டியதால் தரை உள்வாங்கி உண்டானதாகச் சொல்லப்படும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 1762-க்கும் 1789-க்கும் இடையே 18 தடவை அதற்குள் பிரசங்கம் செய்திருக்கிறார்.

சரி, வெஸ்லி குதிரை ஏறிப் போய்விடுவார், அப்புறம்? எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழு, அவர்களில் ஒருவரே தலைவர், கொஞ்சம் பேச வந்தால் அவரே பிரசங்கியார், மறுநாள் காலையில் அவரும் குழிக்குள் இறங்க வேண்டும். பில்லி பிரே என்றொருவர், வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளி, மொடாக் குடியராக இருந்து 1823-ல் மனந்திரும்பியவர், ஷிஃப்ட் முடிந்து வந்து தன் கையாலேயே கல் சுமந்து சின்னச் சின்ன ஜெபவீடுகள் கட்டியவர். பட்டம் பெற்ற போதகருக்காக யாரும் காத்திருக்கவில்லை, அதனால்தான் சுரங்க ஊர்களில் சபைகள் இப்படிக் குட்டி குட்டியாகப் பெருகின.

தங்கவயலில் இது அப்படியே நடந்துவிடவில்லை. துரைகளுக்குப் பங்களாவும் கிளப்பும். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்த நம் ஆட்களுக்குத் தட்டி வீடு. ஞாயிற்றுக்கிழமையானாலும் அந்தக் கோடு அழியவில்லை. நம் ஆட்களிடம் வெஸ்லியன்கள் (இங்கிலாந்து மெதடிஸ்டுகள்), அமெரிக்க மெதடிஸ்டுகள், லுத்தரன்கள், கத்தோலிக்கர்கள் என்று தனித்தனியாக மிஷன்கள் வந்தன. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியன்கள் அதில் சேர்ந்தார்கள், அமெரிக்க மெதடிஸ்டுகள் சேரவில்லை. ஒரே வெஸ்லியின் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்ப்பலகை வந்தது இப்படித்தான். பெந்தெகொஸ்தே சபைகளையும் கூட்டிக்கொண்டால் உங்கள் ஐந்தாறு கணக்கு சரியாக வரும்.

பால் பவுடருக்கு வருவோம். பள்ளிக்கூடமும் மருந்தும் ஆட்களை இழுத்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே தங்கவயலின் மாரிக்குப்பத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயோத்திதாசப் பண்டிதர் வழியில் தமிழ்த் தொழிலாளர்கள் பௌத்த சங்கம் நடத்தினார்கள். அவர்களுக்கு யார் என்ன பவுடர் கொடுத்தார்கள் என்று உங்கள் மகனைக் கேளுங்கள். ஏர் பிளாஸ்ட் என்றால் என்ன என்று அப்பாவையும் கேட்கச் சொல்லுங்கள். கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டில் பரண் பாத்திரம் உருளும், பெண்கள் அடுப்பைக்கூட அணைக்காமல் சாஃப்ட் வாசலுக்கு, அதாவது சுரங்கக் குழி வாய்க்கு, ஓடுவார்கள். சாம்பியன் ரீஃப் குழி மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த வீடுகளில் ராத்திரி ஜெபக்கூட்டம் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வராது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறிப் பாருங்கள், பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் யாராவது பாட்டுப் புத்தகத்தைப் பிரித்திருப்பார்.

கேள்வி: லுத்தரன் சபைப் பலகையில் 'இவாஞ்சலிக்கல்' என்று இருக்கிறதே, அவர்களும் தெருமுனைப் பிரசங்கக்காரர்களா?
– காக்ஸ் டவுன் வாசகர்

பதில்: இல்லை. ஜெர்மன்காரர்கள் வாயில் அந்தச் சொல்லுக்குப் புராட்டஸ்டண்ட் என்றுதான் பொருள், 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் 'சுவிசேஷ'மும் அதுவே. மனந்திரும்புதல், சாட்சி சொல்லுதல் என்ற அர்த்தம் வெஸ்லி, விட்ஃபீல்ட் வழியாக வந்தது.

கேள்வி: சபை சுரங்கத் தொழிலாளியைச் சாதுவாக்கி முதலாளிக்குத்தானே உதவியது?
– அல்சூர் வாசகர்

பதில்: பாதி சரி. குடிக்காத தொழிலாளி திங்கட்கிழமை ஒழுங்காக வேலைக்கு வருவான், அது முதலாளிக்குத் தெரியாதா? ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும், காணிக்கைக் கணக்கு எழுதவும், கூட்டம் நடத்தவும் தொழிலாளி பழகியதும் அதே சபையில்தான். இங்கிலாந்தின் வடகிழக்கில் டாமி ஹெப்பர்ன் என்ற நிலக்கரித் தொழிலாளி, மெதடிஸ்டுகளில் ஒரு பிரிவான பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபையின் பிரசங்கியார். 1831-ல் வேலைநிறுத்தத்தை நடத்திச் சுரங்கத்துச் சிறுவர்களின் வேலை நேரத்தை 12 மணியாகக் குறைக்க வைத்தார். நினைத்துப் பாருங்கள், 12 என்பது குறைத்த பிறகு! அடுத்த வருஷமே முதலாளிகள் சங்கத்தை உடைத்தார்கள், எந்தக் குழியிலும் அவருக்கு வேலை இல்லை. அதே சுரங்கக் கிராமங்களில் வீடு வீடாகத் தேயிலை விற்றுப் பிழைத்தார்.